ரைஃபிள் ஸ்கோப்புக்கு லென்ஸ் மூடி: தேவையா, வீண் செலவா?

3 ஜூன், கேள்வி

ரைஃபிளில் 3-9×40 ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி; உருப்பெருக்கம் 3 முதல் 9 மடங்கு, முன் லென்ஸ் 40 மி.மீ.) மாட்டியிருக்கிறேன். பெட்டியில் எலாஸ்டிக் கோர்த்த ரப்பர் மூடி ஒரு ஜோடி வந்தது. தட்டினால் திறக்கிற மூடி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கூடச் சுடுகிற ஒருவர், "லென்ஸில் நல்ல கோட்டிங் இருக்கிறது, தூசு விழுந்தால் துடைத்துவிட்டுப் போ, மூடியெல்லாம் தண்டம்" என்கிறார். உங்கள் அனுபவத்தில் எது சரி?

3 ஜூன், இரவு

"துடைத்துவிட்டுப் போ" என்கிறாரே, மூடி வாங்கச் சொல்வதற்கு எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

தூசு தானாக லென்ஸைக் கெடுப்பதில்லை. அதை நாம் துணியால் தேய்க்கும்போதுதான் கெடுகிறது. மண் தூசில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவில் அதன் கடினம் 7. ஸ்கோப் கண்ணாடிகள் பெரும்பாலும் 5, 6 பக்கம். கோட்டிங்கில் அதிகம் பயன்படும் மக்னீசியம் ஃப்ளோரைடும் 6 அளவில்தான். சட்டை நுனியால் ஒரு சுற்று சுற்றினால், துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே கண்ணாடியைவிடக் கடினமான மணலை வைத்து அரைக்கிறீர்கள். ஒரு முறையில் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் அப்படித் துடைத்த ஸ்கோப்பை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், மையத்தைச் சுற்றி மயிரிழை போல வட்ட வட்டமாகக் கோடுகள் மின்னும்.

கோட்டிங் என்பது அலங்காரமும் இல்லை. கோட்டிங் இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழுகிற ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் பத்துப் பரப்பு இருந்தாலே மூன்றில் ஒரு பங்கு ஒளி போய்விடும். 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் லென்ஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா காப்புரிமை எடுத்த அந்த மெல்லிய பூச்சால்தான் இன்று அந்தி நேரத்திலும் இலக்கு தெரிகிறது. இத்தனை மெல்லிய சங்கதியைச் சட்டை நுனியிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வராது.

அதனால் என் பதில்: மூடி வேண்டும். எந்த மூடி என்பதில்தான் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

4 ஜூன்

"முன் லென்ஸில் இருக்கும் தூசு பார்வையில் தெரியவே தெரியாதே, பிறகு எதற்கு அதைத் துடைக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கிறார். பாதி சரி. முன் லென்ஸில் 5 மி.மீ. அகலத்துக்கு ஒரு சேற்றுத் துளி இருந்தால் 40 மி.மீ. லென்ஸில் அது 64-இல் ஒரு பங்கு. அது படத்தில் புள்ளியாகத் தெரியாது, மொத்த ஒளியில் ஒன்றரை விழுக்காடு குறையும், அவ்வளவுதான். ஆனால் சூரியன் எதிரே தாழ்ந்து நிற்கும்போது அதே தூசு ஒளியைச் சிதறடித்துப் படம் முழுவதும் வெள்ளைப் புகை மாதிரி படரும். இலக்கு நிழலில் இருந்தால் குறுக்குக்கோடு மட்டும்தான் தெரியும்.

கண்பக்கத்து லென்ஸின் கதை வேறு. 9 மடங்கில் 40 மி.மீ. ஸ்கோப்பிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் 40-ஐ 9-ஆல் வகுத்தால் வருவது, 4.4 மி.மீ. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கான ஒளியும் கண்பக்க லென்ஸில் அந்தச் சின்ன வட்டத்தின் வழியாக மட்டும் வருகிறது. அங்கே 5 மி.மீ. சொட்டு ஒன்று விழுந்தால் படத்தின் அந்தப் பகுதி மொத்தமாகக் கலங்கிவிடும். வியர்வை, கன்னத்து எண்ணெய், இமை மயிர், மூச்சு, விரல் ரேகை எல்லாம் விழுவதும் இந்த லென்ஸில்தான்.

எல்லோரும் முன் மூடிக்குத்தான் காசு செலவழிக்கிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கண்பக்கத்துக்கு வாங்குங்கள் என்பேன்.

4 ஜூன், சற்று நேரம் கழித்து

மூடி போட்டாலும் சில நேரம் துடைத்துத்தான் ஆக வேண்டும். முதலில் ரைஃபிளின் குண்டு அறை காலி, மேகசின் (குண்டுப் பெட்டி) வெளியே என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். அப்புறம் ரப்பர் பல்பால் காற்று அடியுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். அடுத்து மென்மையான பிரஷ், லென்ஸைக் கீழ் நோக்கிப் பிடித்தபடி. இதற்கும் போகாத கறைக்கு மட்டும் லென்ஸ் தாளில் ஒரு சொட்டு லென்ஸ் திரவம் விட்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு. திரவத்தை நேராக லென்ஸ் மேல் விட வேண்டாம், விளிம்பு வழியாக இறங்கப் பார்க்கும்.

பாரலை (துப்பாக்கிக் குழலை) சுத்தம் செய்யும்போதும் ஸ்கோப் மூடியே இருக்கட்டும். பிரஷ் குழல்முனையை விட்டு வெளியே வரும்போது தெறிக்கிற கரைசல் எங்கெல்லாம் போகிறது என்று ஒரு வெள்ளைத் தாளை விரித்துப் பார்த்தாலே புரியும்.

6 ஜூன்

இப்போது மூடி வகைகள். நான் பயன்படுத்தியவற்றை மட்டும் சொல்கிறேன்.

எலாஸ்டிக் ஜோடி. பெட்டியில் இலவசமாக வருவது. கொண்டுபோகும்போதும் வீட்டில் வைக்கும்போதும் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. குறை என்னவென்றால் கழற்றினால் எங்கே வைப்பது என்று தெரியாது, இழுத்து விட்டால் பறக்கும், மறுபடி மாட்ட இரண்டு கையும் வேண்டும்.

தட்டினால் திறக்கும் மூடி. ஒரு கை விரல் போதும், தொலையாது. இதில் கவனிக்க வேண்டியவை பல, கடைக்காரர்கள் யாரும் சொல்வதில்லை.

போல்ட் (குண்டு அறையைத் திறந்து மூடும் தண்டு) பிடியை உயர்த்தும்போது கண்பக்க மூடியில் இடிக்கும். 90 பாகை தூக்க வேண்டிய போல்ட்டில் இது அதிகம். மூடியை எந்தப் பக்கம் திறக்கும்படி மாட்டுகிறீர்கள் என்பதைப் போல்ட்டை மெதுவாக இயக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கண்ணுக்கும் கண்பக்க லென்ஸுக்கும் இடையே சுமார் 90 மி.மீ. தான் இருக்கும். திறந்த மூடி அங்கே நிமிர்ந்து நின்றால், உதைக்கிற ரைஃபிளில் புருவத்துக்கு நல்லதல்ல. முழுதாக மடங்கி ஸ்கோப் மேல் படுத்துக்கொள்ளும் வகைதான் வேண்டும்.

சில ஸ்கோப்பில் மடங்கை மாற்றினால் வளையம் மட்டுமல்ல, கண்பக்க முனையே சுற்றும். மூடியும் கூடவே சுற்றும். 3-இல் மேல்நோக்கித் திறந்த மூடி 9-இல் பக்கவாட்டில் நிற்கும், நேராகப் போல்ட்டின் பாதையில். வாங்குவதற்கு முன் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள், முனை சேர்ந்து சுற்றுகிறதா என்று.

முன்பக்கத்தில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டியிருந்தால் முன் முனைக்கும் பாரலுக்கும் இடையே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. மூடியின் சுவருக்கும் தடிமன் உண்டு. மாட்டியதும் அது பாரலைத் தொட்டுவிட்டால் வெடிக்கும்போது பாரல் அதிர்வது மாறும், குண்டு விழும் இடமும் மாறும். மூடியை மாட்டிவிட்டு, ஒரு தாளை இரண்டாக மடித்து அடியில் நுழைத்து இழுங்கள். தடையில்லாமல் முழுதும் போய் வர வேண்டும். பாரல் சூடானால் இடைவெளி இன்னும் குறையலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நியோப்ரீன் உறை. முழு ஸ்கோப்பையும் ஒரே இழுப்பில் மூடும், டரெட்களையும் (குறியைச் சரிசெய்யும் திருகு குமிழ்கள்) சேர்த்து. வண்டியில் போகும்போது இடிபட்டாலும் தாங்கும். எனக்கு இது பிடிக்கும். ஆனால் வீட்டில் நிரந்தரமாக மாட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன், காரணம் பிறகு.

7 ஜூன்

அளவு பற்றி. "40 மி.மீ. ஸ்கோப்புக்கு 40 மி.மீ. மூடி" என்று கேட்டு வாங்கிய ஒருவர், நுழையவே இல்லை என்கிறார். 40 என்பது கண்ணாடியின் விட்டம். மூடி உட்காருவது வெளிக்கூட்டின் மேல். 40-க்கு அந்தக் கூடு 47, 48 மி.மீ. இருக்கும், 50-க்கு 57 பக்கம் வரும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெர்னியரை வைத்து இரண்டு முனையையும் அளந்துவிட்டு வாங்குங்கள். ஒரு மி.மீ. பெரிதாகப் போனால் முதல் உதையிலேயே சுழன்றுவிடும்.

9 ஜூன்

"கேமரா லென்ஸுக்கு ஒரு கண்ணாடி ஃபில்டர் போடுவதுபோல ஸ்கோப்புக்கு முன்னும் போட்டுவிட்டால் மூடித் திறக்கும் தொல்லையே இல்லையே?" நல்ல கேள்வி, இதற்கு விளக்கமாகவே பதில் சொல்கிறேன்.

கேமராவில் ஃபில்டரால் படம் ஒரு துளி நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. ரைஃபிளில் அந்தத் துளிதான் எல்லாம். ஃபில்டரின் இரண்டு முகங்களும் மிகத் துல்லியமாக இணையாக இல்லாவிட்டால் அது மெல்லிய பட்டகமாகிவிடும். முகங்களுக்கு இடையே உள்ள கோணத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு ஒளி வளையும். 2 ஆர்க் நிமிடம் (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் நிமிடம்) பிசகு இருந்தால் பார்வை 1 ஆர்க் நிமிடம், அதாவது 1 எம்.ஓ.ஏ. விலகும். 100 மீட்டரில் 29 மி.மீ., 300 மீட்டரில் 87 மி.மீ. ஃபில்டரோடு ஜீரோ செய்துகொண்டால் (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்துகொண்டால்) தீர்ந்தது என்று நினைப்பீர்கள். அதைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது வேறு கோணத்தில் நின்றால் விலகலும் அதே அளவில் வேறு திசைக்குப் போகும். எந்தத் திசையில் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடிகளுக்கும் இதே கதை, இன்னும் மோசமாக. அவை வார்த்தெடுத்த பிளாஸ்டிக், மெருகேற்றிய கண்ணாடி அல்ல. மஞ்சள் நிறத்தில் வருவது மங்கல் ஒளியில் பளிச்சென்று தெரிவதுபோல இருக்கும். 4 மடங்குக்கு மேல் போனால் இலக்கின் விளிம்பு குழைந்துவிடுகிறது. அவசரத்தில் மூடியைத் திறக்காமலே அருகில் இருக்கும் இலக்கைப் பார்க்கலாம் என்பது ஒன்றுதான் அதன் பயன்.

10 ஜூன்

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஃபில்டரால் குண்டு விலகும் என்றது முன் லென்ஸுக்கு முன்னால் போடுவதைப் பற்றி மட்டும். கண்பக்கத்தில் போட்டால் இலக்கும் குறுக்குக்கோடும் சேர்ந்தே நகரும், ஏனென்றால் இரண்டும் ஏற்கெனவே ஒரே படமாகிவிட்ட பிறகுதான் ஒளி அங்கே வருகிறது. ஆகவே ஜீரோ கெடாது. படத்தின் தெளிவு கெடலாம், அது வேறு.

அதற்காகக் கண்பக்கத்தில் ஃபில்டர் போடச் சொல்லவில்லை. கூடுதலாக இரண்டு பரப்பு, கூடுதல் பிரதிபலிப்பு. பின்னாலிருந்து வெயில் அடித்தால் உங்கள் கண்ணையே அதில் பார்ப்பீர்கள்.

13 ஜூன்

மழை. மூடியின் அருமை தெரிவது இங்கேதான், அதன் தொல்லையும் இங்கேதான்.

நாள் முழுக்கத் தூறலில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன். முன் லென்ஸில் பத்துச் சொட்டு நின்றாலும் ஓரளவு சமாளிக்கலாம். கண்பக்கத்தில் இரண்டு சொட்டு நின்றால் வேலை முடிந்தது. தட்டித் திறக்கும் மூடி இருந்ததால் சுடும் நொடி வரை மூடியே வைத்திருக்க முடிந்தது. எலாஸ்டிக் ஜோடியோடு வந்தவர் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அப்புறம் நாள் முழுக்கத் தாளால் ஒற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஒற்றலும் ஒரு துடைப்புத்தான், நான் முதல் நாள் சொன்ன அதே கணக்கு.

ஆனால் மூடி நீரை வெளியே நிறுத்துவதுபோலவே உள்ளேயும் நிறுத்தும். ஒரு முறை ஈரம் உள்ளே போய்விட்டால் மூடிக்கும் லென்ஸுக்கும் இடையே சின்ன ஆவிக்கூடு உண்டாகிவிடும். குளிரில் மூடியைத் திறந்ததும் லென்ஸ் வெண்மையாகப் பனித்திருக்கும். ஸ்கோப்புக்குள் நைட்ரஜன் நிரப்பியிருக்கிறார்களே என்று கேட்காதீர்கள், அது உள்பக்கம் மூடுபனி பிடிக்காமல் இருக்க. வெளிப்பரப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

குளிர்ந்த வெளியிலிருந்து கதகதப்பான அறைக்கு வரும்போதும் இப்படித்தான். ஸ்கோப்பை உறைக்குள்ளேயே வைத்து மெதுவாக அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள். வந்த பிறகு எல்லா மூடியையும் திறந்துவிடுங்கள்.

14 ஜூன்

"எவ்வளவு நேரம் திறந்து வைக்க?" மூடியின் உள்விளிம்பில் விரல் வைத்தால் ஈரம் ஒட்டாத வரை. லென்ஸ் முதலில் காய்ந்துவிடும், மூடியின் பள்ளத்தில்தான் ஈரம் தங்கும்.

17 ஜூன்

மூடியைத் திறக்கும்போது வருகிற "டக்" சத்தம் பற்றி ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அமைதியான காலையில் அது நிஜமாகவே தூரம் போகும். ஸ்பிரிங்கை அதன் போக்கில் விடாமல், பெருவிரலை மூடியின் மேல் வைத்துக்கொண்டே பொத்தானை அழுத்துங்கள். மூடியைக் கையோடு கொண்டுபோய்ப் படுக்கவிட்டால் சத்தம் இருக்காது. இதை வீட்டில் காலித் துப்பாக்கியோடு பழகிவிட்டு வாருங்கள்.

இன்னொருவர், தூரத்தில் என்ன அசைகிறது என்று பார்க்க ஸ்கோப்பைத்தான் தூக்குகிறேன், அதனால் மூடி எப்போதும் திறந்தே இருக்கிறது என்கிறார். ஐயா, தயவுசெய்து வேண்டாம். ஸ்கோப்பால் பார்க்கிற எல்லாவற்றையும் குழல்முனையும் பார்க்கிறது. அங்கே அசைவது ஒரு மனிதராக இருந்தால்? கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கட்டும். ஸ்கோப் மூடியிருக்கட்டும், இன்னதென்று தெரிந்த பிறகு திறக்கலாம். மூடியின் ஆகப்பெரிய பயன் இதுதானோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அந்த அரை நொடித் தாமதம் கையைக் கட்டிப்போடுகிறது.

18 ஜூன்

வெயில் மறைப்புக் குழாய், தேன்கூட்டு வலை இரண்டையும் கேட்டிருக்கிறார்கள்.

வெயில் மறைப்பு என்பது முன் முனையில் திருகி மாட்டும் வெற்றுக் குழாய். கண்ணாடியே இல்லாததால் குண்டு விலகும் பேச்சே கிடையாது. தாழ்ந்த வெயிலைத் தடுக்கும், தூறலையும் ஓரளவு தடுக்கும், சூடான பாரலிலிருந்து எழும் கானல் நேராக லென்ஸ் முன் வராமல் கொஞ்சம் தள்ளும். இலக்குச் சுடுபவர்களுக்கு மூடியைவிட இதுவே உபயோகம். குழாயின் முனையில் எலாஸ்டிக் மூடியையும் மாட்டிக்கொள்ளலாம். சோவியத்தின் பிஎஸ்ஓ-1 ஸ்கோப்பில் இந்த மறைப்பு உள்ளேயே அடங்கியிருக்கும், முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். எளிமையான நல்ல வேலை. இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் ஸ்கோப்புகளில் இரண்டு தோல் மூடிகளை ஒரு வாரால் இணைத்திருப்பார்கள். நம் எலாஸ்டிக் ஜோடிக்கு மூதாதை அது.

தேன்கூட்டு வலை லென்ஸின் மினுமினுப்பை எதிரே இருப்பவர் கண்ணில் படாமல் மறைக்க வந்தது. ஒளியைக் குறைக்கும், படத்தின் கூர்மையையும் சற்றுக் குறைக்கும். தாளில் ஓட்டை போடுகிற நமக்கு மினுமினுப்பை யாரிடமிருந்து மறைக்க வேண்டும்? விட்டுவிடலாம். தூசைத் தடுக்குமா என்றால், அதுவும் இல்லை, வலையின் ஓட்டை வழியாகத் தூசு போகும். உள்ளே போனதைப் பல்பால் ஊதுவதற்கு வலையைக் கழற்ற வேண்டும்.

21 ஜூன்

தெர்மல் (வெப்பத்தைப் படமாக்கும் ஸ்கோப்), நைட் விஷன் (மங்கல் ஒளியைப் பெருக்கி இருட்டில் காட்டும் ஸ்கோப்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக.

இங்கே மூடி வேண்டுமா என்ற கேள்வியே இல்லை. நைட் விஷனில் ஒளியைப் பெருக்கும் இமேஜ் இன்டென்சிஃபையர் குழாய் பகல் ஒளியில் சேதமாகும். அதனால்தான் அதன் முன் மூடியில் ஊசித்துளை வைத்திருக்கிறார்கள். பகலில் சோதிக்க அந்தத் துளை வழியாக வரும் ஒளியே போதும். தெர்மலைச் சூரியனை நோக்கி வைத்துவிட்டால் சென்சாரில் தழும்பு விழலாம். அதன் லென்ஸ் ஜெர்மானியம், கண்ணாடியல்ல, பார்க்க முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளப்பான உலோகமாகத் தெரியும். விலையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. ஒளி ஊடுருவும் மூடி இதற்கு உதவாது. சாதாரணக் கண்ணாடிக்கு அந்த வெப்ப அலைநீளங்களில் ஒளி ஊடுருவாது, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தெர்மலில் பார்த்தால் ஜன்னலே சுவராகத் தெரியும்.

சாதாரண ஸ்கோப்பையும் வெயிலில் நிறுத்தி வைக்கும்போது மூடுங்கள். 40 மி.மீ. லென்ஸ் வெயிலைக் குவித்தால் என்னவாகும் என்று சிறுவயதில் பூதக்கண்ணாடியும் காய்ந்த இலையும் வைத்து விளையாடிய எல்லோருக்கும் தெரியும். சூரியனை ஸ்கோப் வழியாகப் பார்ப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம், கண் போய்விடும்.

24 ஜூன்

கேள்வி கேட்டவர் அளந்து எழுதியிருக்கிறார்: முன் கூடு 47.6 மி.மீ., பாரலுக்கும் கூட்டுக்கும் இடைவெளி 2 மி.மீ. சொச்சம். அந்த இடைவெளியில் தட்டித் திறக்கும் மூடியை நுழைக்க வேண்டாம். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கை மாற்றி உயர்த்தலாம்தான், ஆனால் கன்னம் வைக்கும் உயரம் மாறும், ஜீரோ மறுபடி செய்ய வேண்டும். ஒரு மூடிக்காக அவ்வளவு எதற்கு? கண்பக்கத்துக்குத் தட்டித் திறக்கும் மூடி, முன்பக்கத்துக்கு மெல்லிய ரப்பர் மூடி. ரப்பர் மூடியைச் சுடும்போது கழற்றிவிடப் போகிறீர்கள், பாரலைத் தொடும் பிரச்சினை அப்போது இல்லை. கழற்றிய மூடியை ஒரு சின்னக் கயிற்றால் ரிங்கில் கட்டிவிடுங்கள், கயிறு பாரலையோ டிரிகரையோ எட்டாத நீளத்தில்.

29 ஜூன்

நியோப்ரீன் உறையை ஏன் வீட்டில் மாட்டி வைப்பதில்லை என்று பிறகு சொல்வதாகச் சொன்னேன், இரண்டு பேர் நினைவுபடுத்திவிட்டார்கள்.

ஈரமான காலத்தில் அந்த உறை வியர்வையையும் தூறலையும் பஞ்சு போல உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பார்க்கக் காய்ந்ததுபோல இருக்கும். கழற்றிப் பார்த்தால் ரிங்கின் திருகுத் தலைகளில் செந்நிறப் பொடி. அதைவிட மோசம் பூஞ்சை. இருட்டு, தேங்கிய காற்று, எழுபது விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் மூன்றும் சேர்ந்தால் லென்ஸ் பரப்பில் வெள்ளை நூல் மாதிரி கிளை விட்டுப் பரவும். நாட்பட விட்டால் அது சுரக்கும் அமிலம் கோட்டிங்கையே அரிக்கும், துடைத்தாலும் தடம் போகாது. தூசுக்குப் பயந்து போட்ட உறை பூஞ்சைக்கு வீடாகிவிடக் கூடாது.

வீட்டில் எலாஸ்டிக் மூடி மட்டும், பூட்டிய அலமாரியில் சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 50 பக்கம் நின்றால் கவலை இல்லை. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்ப வையுங்கள். ஃபோம் வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் வைப்பவர்கள் ஃபோமையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், அதுவும் உறையைப் போலத்தான் ஈரம் குடிக்கும்.